கயிறு பிடித்த மச்சாள்

அம்மை வராமல் பிள்ளைகளின் கையில் கீறி அம்மைப்பால் கட்ட வருகிறவர் எங்கள் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினால் முதலில் மச்சாளைத்தான் தேடுவார். எங்கள் படலையில் நின்று, "அம்மா நிக்கிறாவோ?" என்று கேட்டு, ஓம் என்று பதில் வந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். பிள்ளை பெற்ற தாய்மார் அவரவர் குசினிக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். மச்சாள் ஒவ்வொரு பிள்ளையாக மடியில் இருத்தி, கால்கள் இரண்டையும் தன் தொடைகளுக்குள் அடக்கி, மேற்கையை அசையாமல் பிடித்துக் கொடுப்பா. பிள்ளை வீரிட்டுக் கத்தும். அவ தேற்றவும் மாட்டா, அதட்டவும் மாட்டா. முடிந்ததும் இறக்கிவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவா.

ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு மனம் ஒண்டும் செய்யாதோ மச்சாள்?"

"செய்யும். செய்தால் என்ன? ஆரும் ஒராள் பிடிக்கத்தானே வேணும்."

மச்சாள் என்று நான் சொல்வது என் அண்ணையின் பெண்சாதியை. அவவுக்கு ஒரு பெயர் இருந்தது. கூப்பிடுகிறவர்கள் குறைவு. வயதில் மூத்தவர்களுக்குப் பிள்ளை, இளையவர்களுக்கு அக்கா, எனக்கு மச்சாள். அண்ணை மலாயாவில் ரயில் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை லீவில் வந்து, பெட்டி நிறையத் துணியும் பிஸ்கற்றும் கொண்டுவந்து, திரும்பிப் போய்விடுவார். இணுவிலுக்குப் பக்கத்தில் எங்கள் வளவும், புகையிலைத் தோட்டமும், மாடுகளும், இருமிக்கொண்டே இருந்த, எங்களைப் பெற்ற ஐயாவும், கலியாணம் பேசிக் குழம்பிக்கொண்டிருந்த நானும், அவர்களுடைய மகனும் மச்சாளின் பொறுப்பு. எங்கள் அம்மா வெகு காலத்துக்கு முந்தியே போய்விட்டா.

நல்ல மனுசி என்று மட்டும் சொன்னால் அது பொய்யாகப் போய்விடும். தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்துத் துளித் துளியாகத்தான் தருவா. பிழை செய்தால் பிழை என்று ஒத்துக்கொள்ள மாட்டா. எனக்குப் பேசிய முதற் கலியாணம் சீதனக் கதையில் முறிந்து, நான் பாயில் குப்புறக் கிடந்து அழுதபோது, வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு, "அழுது முடிஞ்சால் எழும்பி மாட்டுக்குத் தண்ணி வை" என்றா. எனக்கு அவவை அடிக்கவேண்டும் போல இருந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர் வைத்தேன்.

ஆனால் ஆருக்கும் ஏலாத ஒரு வேலை என்று வந்துவிட்டால், ஒழுங்கையில் எல்லாரும் எங்கள் படலையைப் பார்ப்பார்கள். ஐயாவுக்கு முதுகில் பிளவை வந்து பரியாரியார் கீறியபோது தோளைப் பிடித்தவ அவ. பக்கத்து வளவுப் பொன்னம்மா அக்காவின் தாய் செத்தபோது, துணி கிழித்து நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டுகிற வரைக்கும் செத்த மனுசியின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தவ அவ. பெற்ற மகள் பொன்னம்மா அக்கா தூணுக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தா.

மாடுகளும் அப்படித்தான். தலைக்கன்று போட்ட பசு கறக்க விடாமல் உதைத்தால் அவவைக் கூப்பிடுவார்கள். மச்சாள் பசுவின் முகத்துக்கு நேரே நின்று, உள்ளங்கையை அதன் தாடைக்குக் கீழே கொடுத்து, தொங்கும் தோலை மெல்ல வருடுவா. ஒரு சொல்லும் சொல்ல மாட்டா. கொஞ்ச நேரத்தில் பசு தலையின் பாரத்தை அவவின் கையிலே இறக்கிவிட்டுக் கண்ணை அரைவாசி மூடிக்கொள்ளும். பிறகு ஆரும் கறக்கலாம். எங்கள் ஒழுங்கையில் அந்தக் கையைத் தெரியாத மாடு இல்லை.

அந்த வருடம் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த காலத்தில் வெக்கை வந்தது. மாடுகளுக்கு வருகிற கொள்ளைநோய். முதலில் கண்ணால் தண்ணீர் வடியும். பிறகு வாயெல்லாம் புண், வீணீர், அசைபோடாது. பிறகு இரத்தமாய்க் கழியும். அவ்வளவுதான். சாவகச்சேரிப் பக்கம் பட்டி பட்டியாகச் செத்துக் கிடக்கிறது என்று சந்தைக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் ஆட்கள் வேப்பிலை கட்டினார்கள், பிள்ளையாருக்கு நேர்ந்தார்கள், வெளியூர் வண்டில்களை ஒழுங்கைக்குள் விடவில்லை. என்றாலும் வந்தது. வேலுப்பிள்ளை அண்ணையின் பசுவுக்குத்தான் முதலில் வந்தது. குத்தகைத் தோட்டம் செய்கிறவர். அவருக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

ஊர்த் தலைமைக்காரர் விதானையார் தன் வளவுக்கு எல்லாரையும் கூப்பிட்டார். மாட்டு டாக்குத்தரும் வந்திருந்தார். வெள்ளைக் காற்சட்டை போட்ட இளம் ஆள், எங்கள் தமிழ்தான். எங்கள் ஒழுங்கையில் நிற்கிற மாடு முழுவதையும் சுடவேண்டும், நோய் வந்ததையும், அதோடு நின்றதையும் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். மிச்சத்தை விதானையார் பாடமாக்கியது போல ஒப்புவித்தார்.

"கவுண்மேந்து நட்டஈடு தரும். நோய் வராத மாட்டுக்கு முழு விலை. வந்ததுக்கு அரை விலை. தானாய்ச் செத்தால் ஒண்டும் இல்லை."

பொன்னம்மா அக்கா வேலிக்கு இந்தப் பக்கத்தில் இருந்தே கேட்டா. "நோய் வராத மாட்டை ஏன் சுடுறியள்?"

"நாளைக்கு வரும் அம்மா" என்றார் டாக்குத்தர்.

"வராட்டில்?"

டாக்குத்தர் கதிரையை விட்டு எழும்பினார்.

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னோம். "பசுவைச் சுட்டுக் காசு வாங்கித் தின்னுறதோ?" என்று கத்திவிட்டு இருமினார். இருமி முடித்து, படிக்கத்தில் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "எவ்வளவாம்?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து மண்ணை ஒரு முழம் தோண்டினால் கல். அத்தனை மாட்டைப் புதைக்கக் கிடங்கு வெட்டுவதென்றால் நடக்கிற காரியமில்லை. அதனால் ஊர் ஓரத்தில், முன்பு வீடு கட்டக் கல் எடுத்துக் கைவிட்ட பழைய கல்லுக்கிடங்கைத் தெரிந்தெடுத்தார்கள். விடிந்து நாங்கள் போகும்போது சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. ஒரு பொலிஸ்காரர் துவக்கோடு நின்றார். ஐயாவுக்கு நடக்க ஏலாது. வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை. எங்கள் சிவப்பிப் பசுவையும் நாம்பன் காளையையும் மச்சாள் பிடித்துக்கொண்டு வந்தா. சிவப்பியின் கன்றை நான் கொண்டுவந்தேன். எங்கள் மாடுகளுக்கு ஒரு நோயும் இல்லை. வழியெல்லாம் வேலியில் புல்லைக் கண்டு கண்டு நின்றன.

முதலில் போனது பொன்னம்மா அக்கா வீட்டு வண்டில் எருது. அவவின் புருசன் கந்தையா அண்ணை அதைக் கிடங்கோரத்துப் பனையில் கட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்துவிட்டார். தனியே நின்ற எருது, ஆள் எங்கே என்று தலையைத் திருப்பியது. அந்த நேரம் பார்த்து வெடி விழுந்தது. குண்டு தாடையில் பட்டது. எருது கயிற்றை அறுத்துக்கொண்டு கிடங்கோரமெல்லாம் ஓடியது. அது கத்திய கத்தலை நான் எழுதப்போவதில்லை. மற்ற மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு சுழன்றன. இன்னொரு வெடி, அதுவும் பிழை. அதற்குப் பிறகும் ஒன்று.

எருது விழுந்தது. பொலிஸ்காரர் துவக்கை நிலத்தில் ஊன்றிக்கொண்டு டாக்குத்தரைப் பார்த்தார். அவருக்கும் இது முதல்முறை போல.

மச்சாள் எங்கள் மாட்டுக் கயிறுகளை என் கையில் தந்துவிட்டு முன்னால் போனா. "பொறுங்கோ. இனி நான் பிடிக்கிறன்."

டாக்குத்தர் கையை நீட்டி மறித்தார். "அம்மா, இது பொம்பிளையள் நிக்கிற இடமில்லை."

"தலை அசையாமல் நிண்டால் ஒரு வெடியோடை முடியுமோ முடியாதோ?"

"முடியும்."

"அப்ப நான் எந்தப் பக்கம் நிக்கவேணுமெண்டு உந்தப் பொலிஸ்காரரைச் சொல்லச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. கந்தையா அண்ணை தன் பசுவைக் கொண்டுவந்து அவவிடம் கயிற்றைக் கொடுத்தார். "பிள்ளை, நீயே பிடிச்சு விடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்." மற்றவர்களும் அப்படித்தான். ஒவ்வொருவராக வந்து கயிற்றைக் கையில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். மச்சாள் மாட்டின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து வருடுவா. மாடு தலையை இறக்கும். கண் அரைவாசி மூடும். பக்கவாட்டில் இருந்து வெடி. அது விழும்போது அவ ஒரு அடி பின்னுக்கு வைப்பா. பிறகு அடுத்தது. வெயில் ஏற ஏற அவவின் சேலையில் பட்டதெல்லாம் காய்ந்து கறுத்தது.

வேலுப்பிள்ளை அண்ணை மற்ற எல்லாருக்கும் பிந்தித்தான் வந்தார். அவருடைய பசு நடக்கிற நிலையில் இல்லை. பலகையில் போட்டு, தானும் மைத்துனனுமாக இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். இறக்கும்போது தலை ஒரு பக்கம் தொங்கியது. "ஐயா, இன்னும் உயிர் கிடக்கு! கெதியாய், கெதியாய்!" என்று கத்தினார். சாகமுந்திச் சுட்டால்தான் காசு.

டாக்குத்தர் மற்றப் பக்கம் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றவர், கிட்ட வரவில்லை. அங்கிருந்தே கேட்டார். "அம்மா, மூச்சு இருக்கோ?"

மச்சாள் குந்தியிருந்து பசுவின் தலையை மடியில் எடுத்து, மூக்கில் கையை வைத்தா. வைத்தபடி இருந்தா. வேலுப்பிள்ளை அண்ணை அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கு" என்றா மச்சாள்.

சுட்டார்கள்.

பிறகு எங்களுடையதுகள். முதலில் கன்று, பிறகு நாம்பன், பிறகு சிவப்பி. ஊர் மாட்டுக்கு எப்படி வருடினாவோ அப்படித்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிவப்பி விழுந்த பிறகும் கயிறு அவவின் கையில் இருந்தது. பொலிஸ்காரர், "விடுங்கோ அம்மா" என்றார். விட்டா.

நாங்கள் போக வெளிக்கிடும்போது டாக்குத்தர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, நாளைக்கு அடுத்த ஊரிலை வேலை. உங்களைப்போல ஒராள் நிண்டால் அதுகளுக்கும் நோவில்லை, எங்களுக்கும் லேசு. நாட்கூலி போட்டுத் தரலாம். வாறியளோ?"

"அங்கையும் ஆரும் இருப்பினம்" என்று சொல்லிவிட்டு மச்சாள் நடந்தா.

வழியில் நான் கேட்டேன். "வேலுப்பிள்ளை அண்ணையின்ரை பசுவுக்கு மூச்சு இருந்ததோ?"

"கெதியா நட. ஐயா தனிய."

வீட்டுக்கு வந்து கிணற்றில் குளித்தா. சோறு காய்ச்சி, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தா. ஐயாவுக்குக் கொடுத்தா. மகனுக்குக் கொடுத்தா. தானும் சாப்பிட்டா. நான்தான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிந்திய நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. காற்று மாறினால் சுண்ணாம்பு மணம் வந்தது. மச்சாள் வழமை போல விடியமுந்தி எழும்பி, செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு கொட்டில் வாசல் வரை போய், அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வருவா. அரிசி கழுவின தண்ணீரை மாட்டுப் பானையில்தான் ஊற்றுவா. பானை நிறைந்து, புளித்து, நாறும். கொண்டுபோய் வாழைக்கு ஊற்றிவிட்டு, அடுத்த நாளும் அதே பானையில் ஊற்றுவா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி என்ன?

நட்டஈடு வந்தது. வராது என்று அடித்துச் சொன்னவர்களும் போய் வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் இருந்து வந்த ஒரு உத்தியோகத்தர் இருந்தார். அன்றைக்கு வந்த டாக்குத்தர் மாறிப் போய்விட்டார். எந்த மாடு ஆருடையது, சுட்டதைக் கண்ணால் கண்டது ஆர் என்று உத்தியோகத்தர் கேட்டார். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றவர்கள்தானே.

"உவதான் பிடிச்சவ" என்றார் விதானையார்.

மச்சாளை மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள்.

"கந்தையா. எருது ஒண்டு, பசு ஒண்டு. கண்டியளோ?"

"ஓம்."

"வேலுப்பிள்ளை. பசு ஒண்டு. நோய்ப்பட்டது. உயிரோடை இருக்கத்தான் சுட்டதோ?"

"ஓம்."

வேலுப்பிள்ளை அண்ணை காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மச்சாளைப் பார்க்காமல் வெளியே போனார். காலை முழுதும் அப்படியே போனது. எங்கள் முறை வந்தபோதும் உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தாமல், "கண்டியளோ?" என்று கேட்டார். மச்சாளும் "ஓம்" என்றுதான் சொன்னா.

எங்களுக்கு வந்த காசில் அவ மாடு வாங்கவில்லை. எனக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. அண்ணையின் காசு பிந்திவிட்டது. நட்டஈட்டுக் காசில் கூறைச் சேலை எடுத்தா. அடுத்த பட்டிப்பொங்கலுக்குப் பிறகு, அதை உடுத்துத்தான் நான் மணவறையில் இருந்தேன். வடிவான கூறை.

பாவம் என்கிற கதையை ஆர் தொடக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையார் கோயில் கிணற்றடியில்தான் முதலில் காதில் விழுந்தது. பசுக்கொலைக்குக் கை கொடுத்தவ. ஒன்றா இரண்டா. ஏழு பிறப்புக்கும் தீராது. பிறகு ஒருநாள் அம்மைப்பால் கட்டுகிறவர் வந்து, வழமை போல எங்கள் படலையில் நின்று கேட்டார். மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளிக்கிட்டா. பொன்னம்மா அக்கா தன் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவனை நான் பிடிக்கிறன்" என்றா. தாய் செத்தபோது தூணுக்குப் பின்னால் நின்ற மனுசி. அவ பிடித்தா. அவவைப் பார்த்து மற்றத் தாய்மாரும் பிடித்தார்கள். மச்சாள் கொஞ்ச நேரம் ஒழுங்கையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்தில் இருந்து மிளகாயைக் காம்பு கிள்ளினா.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வேலிக்கு மேலால் கத்தினேன். "காசு வாங்கினவைக்கு ஒண்டும் இல்லை! கயிறு பிடிச்சவவுக்குத்தான் பாவமோ? நீங்கள்தானே கும்பிட்டுக் குடுத்தனியள்!"

பொன்னம்மா அக்கா அழுதுகொண்டு உள்ளே போய்விட்டா. அவவுக்கு மச்சாளில் கோபம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். மச்சாளைக் காணும்போதெல்லாம் அந்த எருதும் கண்ணில் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருப்பதற்கு அவவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"ஏன் பிள்ளை சத்தம் போடுறாய்?" என்றா மச்சாள். "சொல்லட்டும். அவையும் உந்தப் பாவத்தை எங்கையாவது கொண்டுபோய் வைக்கத்தானே வேணும்."

காலம் போக, வெளியிடத்தில் இருந்து மாடு கொண்டுவரலாம் என்று அனுமதி வந்தது. ஒவ்வொரு கொட்டிலாக நிறைந்தது. எங்கள் கொட்டிலில் விறகு அடுக்கியிருந்தது. பட்டிப்பொங்கல் வந்தது. மாடுகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, ஒழுங்கையில் அங்கும் இங்கும் ஓட்டிக்கொண்டு திரிந்தார்கள். நானும் மச்சாளும் படலையில் நின்று பார்த்தோம். வேலுப்பிள்ளை அண்ணையின் புதுக் கன்று வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, மாலையும் கயிறுமாக அறுத்துக்கொண்டு ஓடிவந்தது. வந்து, மச்சாளுக்கு முன்னால் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. கயிறு அவவின் காலடியில் கிடந்தது.

"பிடியுங்கோ அக்கா! பிடியுங்கோ!" என்று வேலுப்பிள்ளை அண்ணை தூரத்தில் இருந்து கத்தினார். அந்தச் சங்கதிக்குப் பிறகு அவர் மச்சாளோடு கதைத்த முதற் சொல் அதுதான்.

மச்சாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டா. கன்று அவவை மணந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கம் ஓடியது. ஆரோ பொடியன்கள் போய்ப் பிடித்தார்கள். வேலுப்பிள்ளை அண்ணை கிட்ட வந்து நின்றார். மச்சாள் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டா.

மச்சாள் செத்து இப்போது எவ்வளவோ காலம். உலக யுத்தம் முடிந்து அண்ணை மலாயாவில் இருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வந்து, விறகை வெளியே எறிந்துவிட்டு மாடு வாங்கிக் கட்டினார். மச்சாள் புல்லுப் போட்டா, தண்ணீர் வைத்தா, சாணி அள்ளினா. கறந்தது அண்ணைதான். மச்சாளின் செத்தவீட்டுக்கு ஒழுங்கை முழுதும் வந்தது. பொன்னம்மா அக்கா தள்ளாத வயதில் தடியூன்றி வந்து, பாடையின் காலடியில் இருந்து ஒப்பாரி சொன்னா. நல்லாய்த்தான் சொன்னா.

இனிச் சொல்லப்போவது அண்ணை வருவதற்கு முந்தியது. நான் கலியாணம் முடித்துச் சாவகச்சேரிக்குப் போய்விட்டேன். ஐயா தவறிவிட்டார். மலாயாவை யப்பான்காரன் பிடித்து, அண்ணையிடம் இருந்து ஒரு சேதியும் இல்லை. அந்த நேரம் எனக்கு மூத்தவன் பிறந்தான். மச்சாள் கோண்டாவிலில் ரயில் ஏறி, பிள்ளைப்பெத்தவளுக்குப் பத்தியக் கறிக்குச் சரக்கு இடிக்கவென்று வந்தா. சரக்கு இடித்தா, மீன் வாங்கிக் காய்ச்சினா, துணி தோய்த்தா, எனக்கு வெந்நீர் வார்த்தா. அண்ணையைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கவும் இல்லை. நான் நீட்டினால், "ஏணையிலை போடு" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவா.

ஒருநாள் மத்தியானம் எனக்குக் குளிர்காய்ச்சல். மாமியார் சந்தைக்குப் போயிருந்தா. பிள்ளை ஏணைத் தொட்டிலுக்குள் கிடந்து கத்தினான். முகம் நீலம் பாரிக்கிற மாதிரிக் கத்தினான். மச்சாள் ஏணைக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றா.

"எடுங்கோ மச்சாள். எனக்கு எழும்ப ஏலாது."

"நான் தொட்டால் இவன் அடங்கிப்போவான் பிள்ளை."

"அடங்கட்டுமே. அதுக்குத்தானே எடுக்கச் சொல்லுறன்."

"உனக்கு விளங்காது." பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "அண்டைக்குக் கிடங்கடியிலை ஒண்டும் ஆடேல்லை. வேற ஆள் பிடிச்சிருந்தால் இழுத்திருக்குங்கள். உதைச்சிருக்குங்கள். எனக்கு எல்லாம் நிண்டதுகள். என்ரை கையிலை நாடியை வைச்சுக்கொண்டு நிண்டதுகள். ஆரோ பால் கறக்க வருகினம் எண்டு நினைச்சிருக்குமாக்கும்."

எனக்குக் காய்ச்சலில் பல்லு அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை கத்திக் கத்தி மூச்சு முட்டி ஒரு கணம் சத்தமில்லாமல் போனான். அவ சட்டென்று குனிந்து அவனை அள்ளி எடுத்தா.

அவன் அடங்கவில்லை. தெரியாத கை என்றதும் வில்லாக வளைந்து, இன்னும் கூடக் கத்தினான். தலையைப் பின்னால் எறிந்தான். காலால் அவவின் வயிற்றில் உதைத்தான். அவ மற்றத் தோளுக்கு மாற்றினா, அங்கேயும் உதைத்தான். நெஞ்சில், நாடியில், கையெட்டின இடமெல்லாம் அடித்தான்.

"உதைக்கிறான்" என்றா மச்சாள். என்னைத் திரும்பிப் பார்த்தா. "பிள்ளை, பார், உதைக்கிறான்."

"இறக்கி விடுங்கோ மச்சாள், பசிக்குதாக்கும்" என்றேன்.

அவ இறக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்குப் போனா. அவன் கத்துகிற சத்தமும், அதற்கு மேலால் அவவின் குரலும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன.

"நல்லாய் உதை. இன்னும் உதை. உதையடா ராசா."